காலியாகப் போகும் இருக்கை

மார்ச் 12, புதன்

போலந்து, போஸ்னான். காலையிலிருந்து காற்று.

இதுவரை நூற்று முப்பத்தெட்டு வண்டிகள், ஒன்பது நாடுகள். ஒருமுறைகூடப் பயந்ததில்லை என்று எழுதினால் பொய். இரண்டு முறை பயந்தேன். இரண்டு முறையும் அடுத்த பெட்ரோல் பங்கில் இறங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்பதைத் துணிச்சல் என்று சொல்பவர்கள் ஒருநாளும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அது பொறுமை. அதைவிட, முகம். வேகமாக வருகிற ஒருவர் மூன்று நொடிக்குள் படித்து முடித்துவிடக்கூடிய முகம் வேண்டும். எனக்கு அது உண்டு.

மாலையில் போனில் அம்மா, சங்ககிரியிலிருந்து.

"உங்கண்ணன் இருவத்தொண்ணாந் தேதி ஏரோப்ளேன் ஏறறானாமா கண்ணு. ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சாமா. இனி அந்தப் பக்கமே போறதில்லீங்கறான். உனக்குச் சொன்னானா?"

"சொன்னானுங்ம்மா."

"நேர்ல ஒருக்காப் பாத்தியா?"

"பாத்தனுங்ம்மா."

இரண்டாவது பதில் மட்டும் உண்மை.

பூபதி அண்ணன் லாரி ஓட்டுகிறான். முதலில் சங்ககிரி லாரி, பிறகு மஸ்கட், இப்போது இரண்டு வருடமாக லிதுவேனியக் கம்பெனி ஒன்றின் வண்டி. ஸ்பெயின் வரை போவான், வருவான். நான் இங்கே எம்.ஏ. தத்துவம், கடைசி ஆண்டு. ஒரே கண்டத்தில் இருந்தும் ஐந்து முறைதான் சந்தித்திருக்கிறோம்.

மூன்று வாரமாக அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. ஊருக்குப் போவதை என்னிடம் சொல்லவுமில்லை.

இருபத்தொன்றாம் தேதிக்குள் அவனைப் பார்க்க வேண்டும். இன்னும் ஒன்பது நாள். முடியும்.

மார்ச் 13, வியாழன்

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பி வந்தது. தலைப்பு: வழிப்போக்கரும் விருந்தோம்பலும். பேராசிரியர் ஓரிடத்தில் மட்டும் கோடிட்டு 'அழகு' என்று எழுதியிருக்கிறார்:

"லிஃப்ட் கொடுப்பதே தூய கொடை. கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. போகிற வண்டி எப்படியும் போகும். காலி இருக்கை காலியாகவே போயிருக்கும்."

எனக்கும் பிடித்த வரிதான்.

அறைத்தோழி சூசன்னா சாக்ஸை ரேடியேட்டர்மேல் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "சனி ஞாயிறு எங்கே?"

"ஜெர்மனிப் பக்கம். சும்மா."

"போன மாசம் ஏத்திக்கிட்டாரே உங்க நாட்டு டிரைவர், அவர் மாதிரி யாராவது கிடைச்சா எனக்கும் சேர்த்து முறுக்கு வாங்கிட்டு வா. அந்தச் சத்தம் இன்னும் பல்லுல இருக்கு."

சரி என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

துணி துவைத்தேன். போக வேண்டிய ஊரை அட்டையில் எழுதும் மார்க்கர் காய்ந்துவிட்டது, புதிது வாங்கினேன்.

அவனை எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்தால் எளிது. இது அவனுடைய கடைசி நடை. மேற்கிலிருந்து லிதுவேனியாவுக்குத் திரும்புவான். எப்படி வந்தாலும் ஜெர்மனியைக் கடந்தாக வேண்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிவரை லாரிகள் ஓடக்கூடாது. சட்டம். நாடு முழுக்க லாரிகள் நிற்குமிடத்திலேயே நிற்கும். கார்கள் ஓடும்.

அதாவது ஞாயிறன்று அவன் நகர முடியாது. நான் நகர முடியும்.

பச்சை முகப்பு. கதவில் நாரை படம். வண்டி எண் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 15, சனி

காலை எட்டேகாலுக்கு நெடுஞ்சாலை ஏறுமிடத்தில் நின்றேன். இருபத்தைந்து நிமிடம். வெள்ளை வேன். போஷேனா என்கிற பெண்மணி, கல்யாண கேக் செய்பவர். பின்னால் கேக்குகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கு மட்டும் இடமில்லை.

"ஏறு. அதை மடியில் வைத்துக்கொள்."

மூன்றடுக்குப் பெட்டி. என் மூக்குவரை. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரமும் அதன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"உனக்குக் கல்யாணமாகிவிட்டதா?"

"இல்லை."

"நல்லது. கேக்கை ஆட்டாதே."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "என் புருஷனுக்குத் தெரிந்தால் கத்துவார். போன தடவை ஏற்றியவன் பெட்டியைத் திறந்து விரலை விட்டுவிட்டான். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவேயில்லை, ஆளை அனுப்பினேன்."

"அப்புறம் ஏன் என்னை ஏற்றினீர்கள்?"

"குளிரில் நின்றாய்." கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

எல்லைக்கு முந்தைய லாரி நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். பச்சை முகப்புகளைத் தேடி நடந்தேன். நான்காவது வரிசையில் ஒன்று. கதவில் நாரை. எண் வேறு. படியில் உட்கார்ந்து தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஹர்பிந்தர், லூதியானா. அவர் ஹிந்தி சரளம். என் ஹிந்தி இரண்டு வருட டெல்லிப் படிப்பின் மிச்சம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டார். "கேட்காதே பெஹன்ஜி. எங்கள் வண்டியில் ஏற்ற முடியாது. மேலே பார்."

பார்த்தேன். முன்கண்ணாடியின் நடுவில் தீப்பெட்டி அளவில் கருப்பாக ஒன்று. அதன் கண் சாலையைப் பார்க்கவில்லை, இருக்கைகளைப் பார்த்தது.

"ஜனவரியில் மாட்டினார்கள். ஏற்றினால் வேலை போய்விடும். ஒருத்தனுக்குப் போயேவிட்டது. மதராஸி. பூபதி என்று பெயர். தங்கமான ஆள். போன மாதம் போஸ்னான் பக்கம் ரோட்டோரம் நின்ற இரண்டு பெண்களை ஏற்றியிருக்கிறான். ஒருத்தி நம் நாட்டுப் பெண்ணாம். அறுபது கிலோமீட்டர். கேமராவில் விழுந்தது. ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? அது என் தங்கச்சி என்றான்!"

சிரித்தார். தலைப்பாகையின் கடைசி மடிப்பைச் செருகினார்.

"வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம். அந்தப் பெண் ஏறியதும் இவனுக்குக் கை கொடுக்கிறாள். யாராவது அண்ணனுக்குக் கை குலுக்குவார்களா பெஹன்ஜி? ஏற்றியதற்கு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். பொய் சொன்னதற்குத்தான் சீட்டைக் கிழித்தார்கள். முட்டாள். வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்."

பூபதி இப்போது எங்கே என்று கேட்டேன். போனில் டிரைவர்கள் குழுவைப் பார்த்துச் சொன்னார். ஜெர்மனியில் மாக்டபர்க் தாண்டி ஒரு ஓய்விடம், கிழக்கு நோக்கிய பக்கம், நாளை இரவுவரை அங்கேதான்.

"உனக்கு அவனைத் தெரியுமா?"

எங்கள் மாநிலத்துக்காரர் என்றேன்.

இதை எழுதும்போது கவனிக்கிறேன். அண்ணன் என்று சொல்லாமல் விடுவது இது இரண்டாவது முறை.

எல்லையில் ஸ்லுபிட்சே ஊர் விடுதி. ஆறு கட்டில் அறை. நான் மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 20. நானும் சூசன்னாவும் வார்சா போக நின்றுகொண்டிருந்தோம். பச்சை லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், பிரேக் அடித்து, ஓரம் கட்டியது. ஓடினோம். கதவு திறந்தது. பூபதி அண்ணன். நான் இப்படி ரோட்டில் நின்று போவது அவனுக்குத் தெரியாது. அவன் முகத்தில் பாதி கோபம், பாதி சிரிப்பு. அம்மிணி என்று கூப்பிட வாயெடுத்துவிட்டான்.

"உனக்குத் தெரிந்தவரா?" என்றாள் சூசன்னா.

"இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் போலிருக்கிறது." கையை நீட்டினேன். "ஹலோ. நான் வாணி."

ஒரு கணம் என் கையைப் பார்த்தான். பிறகு குலுக்கினான். "வாங்க மேடம். உக்காருங்க."

காரணம் சிறியது. துறையில் என் அண்ணன் லாஜிஸ்டிக்ஸில் மேலாளர் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவைத்திருந்தேன். ஒன்றரை வருடமாக அது அப்படியே இருந்தது. அறுபது கிலோமீட்டர் தூரம் நான் அவனுக்கும் சூசன்னாவுக்கும் நடுவே மொழிபெயர்த்தேன். அவன் முறுக்கு டப்பாவை நீட்டினான். அம்மா சுட்டு அனுப்பியது. 'நன்றி சொல்கிறாள்' என்று அவனுக்குச் சொன்னேன்.

எழுதியாயிற்று. இன்றைக்கு வருகிறேன்.

கூரைமேல் படகு கட்டிய ஒரு கார் ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் இரண்டு மணி நேரமும் ஆற்றைப் பற்றிப் பேசினார். மேற்கு நோக்கிய பக்கத்தில் இறக்கிவிட்டார். நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் போவதென்றால் வேலி ஓரமாக நடந்து, பாலம் ஏறி, மறுபடி வேலி ஓரமாக வரவேண்டும். முக்கால் மணி நேரம்.

நூறு லாரிகளாவது இருக்கும். ஒன்றும் உறுமவில்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கயிறு கட்டித் துணிகள். படிகளில் செருப்புகள். எண்களைப் படித்துக்கொண்டே நடந்தேன்.

பின்வரிசையில் அவன். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, லாரியின் பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் கேஸ் அடுப்பில் சோறு. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ருஸ்தம், பக்கத்து வண்டிக்காரர், உஸ்பெக். என்னைப் பார்த்து மெலிதாக விசிலடித்தார்.

அண்ணன் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தான். திரும்பவில்லை.

"வாங்க மேடம்."

"அண்ணா."

"எந்தப் பக்கம் போகோணுமுங்? இந்த வண்டில ஆளேத்தறதில்லீங். கேமரா இருக்குதுங்."

"தெரியுமுங்ணா. ஹர்பிந்தர் சொன்னாரு."

சவரக் கத்தி நின்றது. "என்னத்தச் சொன்னான்?"

"நீங்க ஒரு புள்ளைய ஏத்துனீங்களாமா. தங்கச்சின்னு பொய் சொன்னீங்களாமா."

"ஆமா. பொய்தான் சொன்னேன்." அடுத்த கன்னத்துக்குப் போனான்.

சோறு கொதித்தது. ருஸ்தம் எதுவும் புரியாமலே எழுந்துபோய்த் தன் வண்டியின் டயர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்ணா நிறுத்துனீங்க? கேமரா இருக்கறது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பறம்?"

"அப்பறமென்ன அப்பறம். ரோட்டுல நிக்கறது என்ற தங்கச்சி. பின்னால வர்றவன் எவன்னு எனக்குத் தெரியுமா? நாளு முச்சூடும் இவனுங்க கூடத்தான் கெடக்கறேன், அதுலயே நாலு நல்லவன் நாலு கெட்டவன். உன்னைய உட்டுப்போட்டுப் போவச் சொல்றியா?" முகத்தைத் துடைத்தான். "நீயென்னமோ பொழுதுபோக்குக்கு நிக்கறே."

பொழுதுபோக்கு இல்லை, ஆய்வு என்று சொல்ல வாயெடுத்து, வேறொன்று கேட்டேன்.

"தங்கச்சிதான்னு பாஸ்போர்ட்ட வெச்சுக் காட்டியிருக்கலாமில்லீங்ணா?"

"கேட்டாங்கல்ல. தங்கச்சியோட குடும்பப் பேரு என்னன்னாங்க. நம்மளுக்கு ஏது குடும்பப் பேரு? எனக்கு அப்பன் பேரு சென்னியப்பன்னு போட்டிருக்குது. உனக்கு அதுகூட இல்ல, வெறும் கோகிலவாணி. எழுதிக் குடுத்தேன். ஆபீசுப் பொண்ணு ரெண்டையும் பாத்துப்போட்டு என்னையப் பாத்துது. வீடியோவ ஓட்டுச்சு. நானென்ன பண்ணட்டும்?"

போனை எடுத்தான். அவர்கள் அனுப்பிய வீடியோத் துண்டு அவனிடம் இருந்தது. மூன்று நிமிடம். ஒலி கிடையாது.

நூற்று நாற்பது வண்டிகளில் ஏறியிருக்கிறேன், ஓட்டுபவரின் பக்கமிருந்து என்னைப் பார்த்தது இல்லை. ஏறுகிறேன். கை கொடுக்கிறேன். சூசன்னாவை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் படுக்கையில் உட்காருகிறேன். பேசுகிறேன், பேசிக்கொண்டேயிருக்கிறேன், கையை ஆட்டி ஆட்டி. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். யாரும் நம்பிவிடக்கூடிய முகம். அவன் சாலையைப் பார்க்கிறான், நடுநடுவே உள்கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான். பார்க்கும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது அவனுக்கு. அடக்கிக்கொள்கிறான்.

"இத எதுக்குங்ணா வெச்சிருக்கறீங்க?"

"அம்மாளுக்கு அனுப்போணும்னுதான். உன்ற மக எப்படிப் பேசறா பாருன்னு."

"சத்தமே இல்லீங்களே."

"கையாட்டறதுலயே தெரியுதில்ல." போனை வாங்கிப் பையில் போட்டான். "ஆனா அனுப்புல. கைகுடுக்கறதையும் பாக்குமில்ல."

சாப்பிட்டோம். பருப்பு, ஊறுகாய். ருஸ்தமும் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் மன்னிப்புக்கென்று ஒரு சொல் கிடையாது. எதிராளி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்போம். வைக்கப்போனேன். போதும் என்று கையால் தட்டை மறைத்துக்கொண்டான்.

"நான் உங்க ஆபீசுக்குப் போய்ச் சொல்றனுங்ணா."

"ஒண்ணும் வேண்டாம். வேல போனது போச்சு."

"இருந்தாலும்..."

"ஆளேத்துனான்னு எழுதுனா எழுதிட்டுப் போகட்டும் அம்மிணி. எல்லாரும் ஏத்தறான். பொய்காரன்னு எழுதிப்போட்டாங்க. இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தக் காயிதந்தான் மொதல்ல போவும். பதிமூணு வருசம் ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கறேன், ஒரு எடத்துல ஒரு பொய்..." தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அம்மிணி என்று சொன்னதை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நாலு மணிக்கு ஓய்விடத்தின் வெளிவாசலில் நின்றேன். ஏற்றிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழன்வரை அது அவன் பொறுப்பிலுள்ள வண்டி. தூரத்தில் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே துடைத்தான். ஒரு கார் நின்றதும் நடந்து வந்தான். ஓட்டும் பெண்ணைக் குனிந்து பார்த்தான். பின்னால் போய் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டான். திரும்பிப் போனான்.

மார்ச் 17, திங்கள்

வகுப்பு. குறிப்பெடுத்த பக்கத்தில் ஒரு லாரி எண் மட்டும் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

சூசன்னாவிடம் சொன்னேன். நீளமாகச் சொல்ல நினைத்தேன், இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "நான் அவருக்கு நன்றி சொன்னதைக்கூட நீதான் மொழிபெயர்த்தே."

"ஆமாம்."

"உன் அண்ணனுக்கு."

"ஆமாம்."

"ஏன்?"

மேலாளர் கதையைச் சொன்னேன்.

"வாணி, எங்கப்பா பன்றி வளர்க்கிறார். துறைக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பேராசிரியர் எங்ககிட்டதான் சாசேஜ் வாங்குறார். நீ ஒரு முட்டாள்."

பிறகு மேசையில் உட்கார்ந்து, அன்று வண்டியில் இருந்ததையும் நடந்ததையும், அண்ணனின் கம்பெனியில் காட்டுவதற்காக, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

அத்தியாயத்தைத் திறந்தேன். 'கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை.' அடித்து நீக்கினேன். அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தபிறகு எழுதுகிறேன்.

மார்ச் 19, புதன்

போஸ்னானிலிருந்து லிதுவேனியா. ஆறு வண்டிகள், பதின்மூன்று மணி நேரம். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த வழி இதுதான், இதில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் புதிதாகச் செய்தேன். இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: என்னை ஏற்றியதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஒருவர்: மூன்று மணி நேரமாகச் சிகரெட் பிடிக்கவில்லை.

ஒரு பெண்: நீ ஏறியதிலிருந்து என் இடது கை கதவுக் கைப்பிடியிலேயே இருக்கிறது. நீ பார்க்கவில்லை.

ஒருவர்: தனியாகப் போனால் பாடுவேன்.

ஒரு இளைஞர்: தெரியவில்லை, இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னால்தான் தெரியும்.

மற்ற இருவரும் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களையும் இனி அப்படியே நம்ப முடியாது.

என்ன நஷ்டம் என்று தெரிந்தே நிறுத்துகிறார்கள். என் அத்தியாயத்தில் இருந்ததைவிட இது பெரிய விஷயம்.

மார்ச் 20, வியாழன்

ஊருக்கு வெளியே பெரிய முற்றம், வரிசையாகப் பச்சை முகப்புகள். ஆபீஸ் இரண்டாம் மாடி. ரூதா என்கிற பெண், முப்பது வயதிருக்கும், மூன்று கணினித் திரைகள். ஆங்கிலத்தில் பேசினோம்.

"நான் அந்த வீடியோவில் இருக்கும் பெண்," என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். முன்பக்கம் வெறும் கோகிலவாணிதான். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி. அண்ணனின் கோப்பில் அவன் பாஸ்போர்ட் நகல் முழுதாக இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சென்னியப்பன், சென்னியப்பன். சரஸ்வதி, சரஸ்வதி. விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் போனார். சங்ககிரிவரை.

சூசன்னாவின் கடிதத்தையும் படித்தார்.

"இவர் சொன்னது உண்மை."

"ஆமாம்."

"அப்படியானால் நீங்கள் ஏன் கை கொடுத்தீர்கள்?"

வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்நியரும் விருந்தினரும் பற்றி நல்ல வாக்கியங்கள்.

"என் அண்ணன் லாரி ஓட்டுகிறான் என்பது என் தோழிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன்."

ரூதா ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே முற்றத்தில் ஒருவர் லாரிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அது என் அப்பா," என்றார். "இங்கேதான் ஓட்டுகிறார்."

பிறகு தட்டச்சு செய்தார். வேலையைத் திருப்பித் தர முடியாது. தங்கையே ஆனாலும் ஏற்றக்கூடாது என்பதுதான் விதி. பொய் சொன்னார் என்ற வரியை நீக்குவதாகச் சொன்னார். மேலே போய் யாரிடமோ பேசிவிட்டு வர அரை மணி நேரம் ஆனது. திரும்பும்போது கையில் புதுத் தாள், முத்திரையுடன். நகல் அண்ணனுக்கு.

படியிறங்கும்போது அவன் சாவியைக் கொடுக்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தான்.

"நீ இங்க என்ன பண்றே?"

தாளை நீட்டினேன். "பொய்ங்கறத எடுத்துட்டாங்ணா."

வாங்கிப் பார்த்தான். "எங்க, படி."

தமிழில் படித்தேன். ஓட்டுநர் பூபதி சென்னியப்பன் இரண்டு ஆண்டுகள் விபத்தின்றிப் பணியாற்றினார். விதிக்கு மாறாகப் பயணியை ஏற்றியதால் ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது. அந்தப் பயணி தன் தங்கை என்று அவர் அளித்த வாக்குமூலம் உண்மை எனச் சரிபார்க்கப்பட்டது.

"கடசி வரிய இன்னொருக்காப் படி."

படித்தேன்.

நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒரு படி ஏறினான், நின்றான். "சோறு உண்டியா?"

"இல்லீங்ணா."

"கீழ நில்லு. சாவியக் குடுத்துட்டு வர்றேன்."

மார்ச் 21, வெள்ளி

விமானம் மூன்று மணிக்கு. வில்னியஸ் விமான நிலையம் நூறு கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது.

"பஸ் கெடக்குது," என்றான் அண்ணன். "நீ எப்பிடி நிக்கறேன்னு பாக்கோணும். ரெண்டு வருசமா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே பாத்தாச்சு."

எட்டு மணிக்கு நின்றோம். அவன் பெட்டி, அரிசி குக்கர், ஒரு கம்பளி. எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, பஞ்சாயத்துக்கு வந்தவன்போலக் கைகட்டி நின்றான்.

"அப்படி நின்னா எவன் நிறுத்துவான்? சிரிங்ணா."

"எதுக்கு? தெரியாதவனப் பாத்து எதுக்குச் சிரிக்கறது?"

"கையவாச்சும் பிரிங்க."

பிரித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் குக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். வருகிற வண்டிகளுக்கெல்லாம் விமரிசனம் வேறு. "இவன் நிறுத்த மாட்டான், லோடு சாஞ்சிருக்குது. அவன் நிறுத்த மாட்டான், போன்ல பேசறான். இவன் நிறுத்தலாம், டயர் தேஞ்சவன், அவசரமில்லாதவன்." டயர் தேய்ந்தவரும் போய்விட்டார்.

"நீ மின்னால நிக்கறதாலதான் நிறுத்த மாட்டீங்கறானுங்க," என்றான்.

"அப்ப நீங்க வாங்க மின்னால."

வந்தான். குக்கரைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி, வலது கையை இடுப்பளவில் மெதுவாக நீட்டினான். அவ்வளவு பெரிய கை. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

ஒரு பச்சை முகப்பு வந்தது. கதவில் நாரை. புது ஓட்டுநர், அண்ணனுக்குத் தெரியாத முகம். எங்களைப் பார்த்தார், கண்ணாடியின் நடுவில் இருந்ததைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அண்ணன் அவருக்குக் கை உயர்த்தினான்.

அரை மணி கழித்துப் பழைய பிக்கப் ஒன்று தாண்டிப் போய் நின்றது. பின்னால் தீவன மூட்டைகள். ஓடினோம். ஓட்டியவர் நடுத்தர வயது, லிதுவேனியர். ஜன்னலை இறக்கி முதலில் என்னையும் பிறகு அவனையும் பார்த்தார். ருஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு ரோட்டில் பழகிய ருஷ்யம் உண்டு.

குனிந்து, மூச்சு வாங்க, என்னைக் காட்டிச் சொன்னான்: "செஸ்த்ரா. மயா செஸ்த்ரா." என் தங்கை. அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். "உனிவெர்சித்யெத்," என்று சேர்த்துக்கொண்டான். "மகிஸ்த்ர்." பல்கலைக்கழகம், எம்.ஏ.

அவர் சிரித்துக்கொண்டே, சாலையைக் கைகாட்டி, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

எங்கே போக வேண்டும் என்பதைத்தான் கேட்டிருக்கிறார். நான் சொன்னேன்.